ஏற்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்

குளியலறைக்குள்ளிருந்து "அவையோருக்கு என் பணிவான வணக்கம்" என்று மாமாவின் குரல் கேட்டதும், அத்தை தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. நான் கல்லூரிக்குக் கிளம்ப ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தேன். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் குரல் நின்றுவிடும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு, "ஏற்றம். இந்த ஒரு சொல்லுக்காகத்தானே நண்பர்களே நாம் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோம்." அத்தை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள், மிக மெதுவாக, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நடப்பதுபோல.

மாமாவின் வாயிலிருந்து முழுதாக ஒரு பேச்சு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் அவர் வாயிலிருந்து முழுதாக வராதது எதுவுமில்லை. அவருக்கு வேலை எடைமேடையில். சரக்கு லாரி வந்து பெரிய இரும்புப் பலகைமேல் நிற்கும். மாமா கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, "கொஞ்சம் முன்னாடி எடுங்க, இன்னும், போதும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். சீட்டு அச்சாகி வரும்வரை ஓட்டுநர் இருக்கையைவிட்டு அசையக் கூடாது; இறங்கினால் எடை மாறிவிடும். எழுந்து போகவே முடியாத ஓர் அவை தினமும் வாசலில் வந்து நின்றால் யாரும் பேச்சாளராகிவிடுவார்கள். மாமா முதலில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். பிறகு தூக்கம், சிக்கனம், பொறுமை. ஒரு டியூஷன் சென்டர்க்காரர் தன் செங்கல் லாரியோடு வந்து மாட்டிக்கொண்டு, பொறுமையைப் பற்றி முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க பசங்களுக்கும் இதச் சொல்லுங்க சார்" என்று அழைத்துப் போனார். அங்கிருந்து தொடங்கியது. திறப்பு விழா, வழியனுப்பு விழா, பரிசளிப்பு விழா என்று எங்கே ஒரு மைக் சும்மா நின்றாலும் மாமா போய் அதற்குத் துணையாக நின்றார். எடைமேடை என்ற சொல்லிலேயே மேடை இருக்கிறது, அதை நான்தான் கவனிக்காமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன் என்பார்.

எல்லாப் பேச்சுக்கும் தலைப்பு ஒன்றுதான்: ஏற்றம். வாழ்வில் ஏற்றம் பெறுவது எப்படி, தொழிலில் ஏற்றம், எண்ணத்தில் ஏற்றம். ஏறி எங்கே போவது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

பிறகு அந்த டியூஷன் சென்டரின் ஆண்டு விழா வந்தது. நானும் போயிருந்தேன். மாமா நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் கையை உயர்த்தி, "ஒரு மனிதன் விழுந்தால்..." என்றார். அடுத்தது வரவில்லை. மறந்துவிட்டது. "ஒரு மனிதன் விழுந்தால்" என்று இன்னொரு முறை சொன்னார். கை மேலேயே இருந்தது. கடைசி வரிசையிலிருந்து யாரோ உதவும் எண்ணத்தில், "எந்திரிக்கணும் சார்" என்றான். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. மாமாவும் சிரித்தார், நன்றி என்று சொன்னார், வந்து உட்கார்ந்தார். விழுந்த மனிதனை எல்லோரும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகு மாமா எடைமேடையில்கூடப் பேசவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையால் சைகை காட்டினார். ஓட்டுநர்களுக்கு அது புரியாமல் ஒருவர் மேடையைத் தாண்டிச் சுவரில் இடித்தார். வீட்டில் சாப்பாடு வேண்டுமா என்றால் தலை ஆடும். வேண்டாம் என்றாலும் அதே மாதிரிதான் ஆடும். அத்தை அதை முகத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் நீர்வாரியத்திலிருந்து தொலைபேசி வந்தது. பழைய நீரேற்று நிலையத்தைச் சுத்தம் செய்து கண்காட்சியாக மாற்றியிருக்கிறார்கள், திறந்து வைக்கிற அன்று ஏற்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று ஒரு பெண் பொறியாளர் கேட்டாராம். மாமா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். "தண்ணி வாரியத்துக்காரங்களுக்கு ஏற்றத்துல அக்கறை இருக்கு பாரு மாப்ள" என்றார் என்னிடம். "ஊழியர்கள் முன்னுக்கு வரணும்னு நினைக்கிறாங்க." அவர் என்னிடம் முழு வாக்கியம் பேசியதே எனக்குப் பெரிதாக இருந்ததால், அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. குளியலறைக்குள்ளிருந்து வணக்கம் கேட்டது அதற்கு மறுநாள் காலையில். நான் இயந்திரவியல் படிக்கிறவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பம்பின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அம்புக்குறிகளோடு வரைவேன். பம்பு எந்தப் பக்கம் தண்ணீர் விடும் என்று கேட்டால் அம்பு காட்டிய பக்கம் என்பேன். அதற்குமேல் எங்கள் துறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

விழாவன்று காலையில் மாமா மேடைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அத்தை அதற்கு வைத்த பெயர் அது. வெளிர் மஞ்சள், காலர் மட்டும் கொஞ்சம் விறைப்பு. கண்ணாடி முன் நின்று பித்தானை மாட்டிக்கொண்டே, அத்தையைப் பார்க்காமல், "இன்னைக்கும் நின்னுருச்சுன்னா இந்தச் சட்டையப் பிரிச்சுத் தலகாணி உறை தச்சுரு" என்றார். விளையாட்டாகச் சொல்கிற குரலில்தான் சொன்னார். அத்தை ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்; நூல் நுழையவில்லை. "நானும் வரேன்" என்றாள். மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை அவருடைய எந்தப் பேச்சுக்கும் வந்ததில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்பார்கள் என்பாள், தலைவலி என்பாள். "உனக்கு எதுக்கு" என்றார் மாமா. "திரைச்சீலை எல்லாம் நான் தச்சது. சரியா மாட்டியிருக்காங்களான்னு பாக்கணும்" என்றாள். அந்தக் கண்காட்சிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மாமா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

நீரேற்று நிலையம் செங்கல் கட்டடம். உயரமான ஜன்னல்கள், உள்ளே பச்சை பெயிண்ட் அடித்த பெரிய நீராவி இயந்திரம், அதைச் சுற்றிக் கயிறு. வெளி முற்றத்தில்தான் விழா. அங்கே நாற்காலிகள் போட்டு, எதிரே ஒரு கிணற்றைச் சுற்றி, மனிதன் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே கொண்டுவர என்னென்ன பாடுபட்டிருக்கிறான் என்பதை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி இரண்டு பேர் வீசி வீசி இறைக்கிற கூடை. மாடு இழுக்கிற தோல் பை. விளிம்பெல்லாம் பானை கட்டிய சக்கரம். மரக்குழாய்க்குள் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுகிற ஒன்று. கடைசியில் சாதாரண அடிபம்பு, இதெல்லாம் தனக்குத் தெரியாது என்பது போல. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெரிய எழுத்தில் பலகை.

முதல் பலகையைப் பார்த்ததும் மாமா நின்றார். ஏற்றம் என்று எழுதியிருந்தது. அதன் பின்னால் நடுவில் ஒரு தூண். தூணின் உச்சியில் குறுக்கே, சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும்படி ஒரு நீண்ட மரம். மரத்தின் ஒரு முனையிலிருந்து கிணற்றுக்குள் ஒரு கழி தொங்க, கழியின் நுனியில் வாளி.

"என் தலைப்ப எழுதி வச்சுருக்காங்க" என்றார் மாமா. முகம் மலர்ந்திருந்தது. பக்கத்துப் பலகையில் இறைகூடை என்று இருந்தது. அதையும் படித்தார். "அது வேற யாரோ பேசுறாங்க போல" என்றார். கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார். அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார் என்ற இரக்கம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிப் புத்தகத்தில் இதே மரத்தின் படம் இருந்தது. அதன்மேல் நடந்துகொண்டிருந்தவருக்கு நான் கண்ணாடியும் தொப்பியும் வரைந்தது நினைவிருக்கிறது. தமிழ் சிக்கனமான குடும்பத்தில் பிறந்த மொழி. உயர்வுக்கும் ஏற்றம் என்று சொல்லும், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மரத்துக்கும் அதே சொல்லைப் போட்டுவிடும். அண்ணன் சட்டை தம்பிக்கு. அத்தையின் கையைப் பிடித்து அடிபம்புக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"அத்தை, ஏற்றம்னு அவங்க சொன்னது அந்த மரத்த."

அத்தை மரத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். "அந்தக் கட்டையா?"

"கிணத்துலேருந்து தண்ணி எடுக்கிற மெஷின். அதப் பத்தித்தான் மாமா பேசணும்."

அத்தை பக்கத்திலிருந்த அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அது கீழே இறங்கிக் கொஞ்சம் தண்ணீர் அவள் காலில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. "திரைச்சீலை கொண்டாந்து குடுக்கும்போது அந்த இன்ஜினியரம்மா போன்ல யாருகிட்டயோ சொல்லிட்டிருந்தாங்கடா. எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சுட்டாங்க, ஏற்றத்தப் பத்திப் பேசத்தான் ஆளில்லன்னு. எங்க வீட்டுக்காரர் அதத் தவிர வேற எதையும் பேச மாட்டார்னு நான்தான் சொன்னேன்." அவள் குரல் இறங்கியது. "அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்டா."

மாமாவிடம் யார் சொல்வது என்று நாங்கள் கண்ணால் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பொறியாளர் அம்மா அவரைப் பிடித்துவிட்டார். முழங்கால்வரை சேறு படிந்த பூட்ஸ், காதோரம் ஒரு பென்சில். இங்கே இருக்கிற எல்லாவற்றையும் படம் பார்த்துப் பார்த்து அவரும் நிலையத்து ஆட்களும் சேர்ந்து செய்தார்களாம். "ஓடாத எதையும் வைக்கல சார். எல்லாமே தண்ணி எடுக்கும்" என்று குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர் மாதிரி சொன்னார். "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைப்பாங்கன்னு நான் நினைக்கவேயில்ல. சார், உங்களுக்கு எதுல அனுபவம் அதிகம்? கையால இழுக்குறதா, ஆள் ஏறி மிதிக்குறதா?"

மாமா சற்று யோசித்தார். "ரெண்டுலயும்" என்றார்.

"ரெண்டுலயுமா? எவ்வளவு நாளா?"

"சின்ன வயசுலேருந்தே மேடம். மத்தவங்கள மிதிக்காம எப்படி ஏறணும்கிறதுதான் நான் சொல்லிட்டு வரேன்."

"மிதிக்காம எப்படி சார்?" அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "கனம் ஒரு பக்கம் போனாத்தானே வாளி மேல வரும்?" என்று சொல்லிக்கொண்டே அந்த மரத்தை அன்பாகத் தட்டினார்.

மாமா வாளி என்ற சொல்லைக் கேட்டார். கேட்டது முகத்தில் தெரிந்தது. கண் மரத்துக்குப் போனது, மரத்திலிருந்து கழிக்கு, கழியிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து பலகைக்கு. பிறகு இறைகூடைப் பலகைக்கு. அதன் முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் கையில் காகிதங்களோடு, தன் முறைக்காகக் காத்திருப்பவரின் அமைதியோடு உட்கார்ந்திருந்தார். மாமா புன்னகை செய்தார், ஒரு நிமிஷம் என்றார், எங்களை நோக்கி வந்தார். ஒரு சரக்கு லாரியைப் பின்பக்கமாக எடுப்பதுபோல அவ்வளவு நிதானமாக வந்தார்.

"வீட்டுக்குப் போலாம்."

"என்ன சொல்லிட்டுப் போறது?" என்றாள் அத்தை.

"வயிறு சரியில்லன்னு சொல்லு."

"யாருக்கு?"

"யாருக்காவது."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க சொன்னேன், அந்தம்மாகிட்ட. நீங்க ஏற்றத்தப் பத்தி நல்லாப் பேசுவீங்கன்னு."

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அதைவிடச் சங்கடமான ஒன்று வந்தது. "நல்லாப் பேசுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் பேசி நீ ஒரு நாளும் கேட்டதில்லயே."

"நீங்க குளிக்கிற ரூமுக்குக் கதவு எத்தன இஞ்சு தடிமன்?" என்றாள் அத்தை. "கல்யாணமான நாள்லேருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். மெஷின் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுட்டீங்களா. நீங்க பேசுற அன்னைக்கெல்லாம் நான் ரெண்டு ரவிக்கை கம்மியாத்தான் தைப்பேன்." அவள் நிமிரவில்லை. அடிபம்பின் கைப்பிடியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு மறந்தீங்களே, அதுகூட எனக்குத் தெரியும். ஒரு மனிதன் விழுந்தால் முதலில் சுற்றிப் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். பார்த்துவிட்டார்கள் என்றால், அங்கேயே எதையோ தேடுவதுபோல நடிக்க வேண்டும். அவங்க போற வரைக்கும்."

எழுத்து நடையிலேயே, மாமாவின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தாள். நான் அதை முழுசாகக் கேட்பது அதுவே முதல் தடவை. நல்ல வரி. டியூஷன் சென்டரில் அது வந்திருந்தால் கூரை வேறு மாதிரிப் பிய்ந்திருக்கும். "அதேதான்" என்றார் மாமா மெல்ல. ஒலிபெருக்கியில் யாரோ அவரை அழைத்தார்கள். ஏற்றத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று வேறு சொன்னார்கள், கைதட்டல். நாற்காலிகளில் நிலையத்து ஊழியர்கள், குழாய் வேலைக்காரர்கள், என் கல்லூரியிலிருந்து வருகைப் பதிவுக்காகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட இரண்டு வரிசை. மாமா எங்களைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "பாத்துட்டாங்க" என்றார் அத்தையிடம். போனார்.

நானும் அத்தையும் என் கல்லூரி வரிசையில் போய் உட்கார்ந்தோம். மாமாவின் சட்டைக் காலரில் சின்ன மைக்கைக் குத்திவிட்டார்கள். மாமா தூணின் அருகே போய் நின்றார். குனிந்து தரையில் எதையோ தேடுவதுபோலப் பார்த்தார்.

"அவையோருக்கு வணக்கம்" என்றார் மாமா. "தமிழ்ல ஏற்றம் ரெண்டு. எனக்கு ஒண்ணுதான் தெரியும். நீங்க கூப்பிட்டது இன்னொண்ணு."

முதலில் ஒரு குழாய்க்காரர் சிரித்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார், அவர் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பொறியாளர் அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அதனால நான் இப்போ பேசப் போறதில்ல" என்றார் மாமா. "ஏறிப் பாக்கப் போறேன். என்ன தெரியுதோ சொல்றேன். மேடம், இதுல எந்தப் பக்கம் ஏறணும்?"

வேறு யாரோ மிதித்துக் காட்டுவதாக ஏற்பாடு இருந்தது. ஒல்லியான ஓர் ஊழியர், தன் வேலை போய்விட்டதில் எந்த வருத்தமும் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொறியாளர் அம்மா சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பு உண்டு, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மரத்தின்மேல் கிணற்றை நோக்கி நடந்தால் அந்த முனை தாழ்ந்து வாளி தண்ணீருக்குள் போகும். பின்முனைக்கு நடந்தால் வாளி மேலே வரும். கிணற்றின் விளிம்பில் ஒருவர் நின்று கழியைப் பிடித்து நேராக இறக்கி, வந்த வாளியைச் சாய்த்து ஊற்ற வேண்டும். ஒல்லி ஊழியர் அதற்காக எழுந்தார்.

"வேண்டாம்" என்று அத்தையின் குரல் கேட்டது. அவள் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டாள். "அவர் கனம் எனக்குத்தான் தெரியும்." மாமாவின் கனம் மாமாவுக்கே தெரியாது. எடைமேடையில் ஏறி நின்று பார்த்துக்கொள்வார். லாரிக்காகச் செய்த அது கிலோக்களையெல்லாம் தனித்தனியாக மதிப்பதில்லை. அதனால் பல வருடங்களாக அவர் ஒரே எடையில் இருப்பதாக நம்பி வந்தார். மரம் அப்படி நினைக்கவில்லை. அவர் ஏறியதும் அது ஒரு முனகல் போட்டது, அது மைக் வழியாகத் தெருவரைக்கும் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு, பான்ட்டை மடித்துக்கொண்டு, கம்பைப் பிடித்தபடி மாமா அடி எடுத்து வைத்தார். நடுத்தூணைத் தாண்டியதும் மரம் முன்பக்கம் சாய்ந்தது. "வாங்க" என்றாள் அத்தை கழியைப் பிடித்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் முன்னாடி. இன்னும். போதும்." கிணற்றுக்குள் வாளி தண்ணீரைத் தொடும் சத்தம். "இப்போ பின்னாடி போங்க." மாமா திரும்பினார், நடந்தார். அவர் கீழே இறங்க இறங்க வாளி மேலே வந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கையை உயர்த்தினார்.

"நண்பர்களே" என்றார். "ஏற்றம் என்பது..."

என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொன்று ஏறும், தாழ்பவரே உயர்த்துபவர், அந்த மரமே அதைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தது. இருபது வருடம் ஏற்றத்தைப் பற்றிப் பேசியவரால் அதை எடுக்காமல் இருக்க முடியாது. எனக்குப் பின்னால் இருந்த வகுப்புத் தோழன் அதை அப்படியே முணுமுணுத்துக்கூட விட்டான். ஆனால் மாமா சொல்லவில்லை. கை மேலேயே நின்றது. "ஏற்றம் என்பது" என்று இன்னொரு முறை சொன்னார். முற்றம் முழுக்க அமைதி. டியூஷன் சென்டரில் இருந்த அதே அமைதி, அதே கை.

"என்னங்க, நின்னுட்டீங்க" என்றாள் அத்தை. "வாளி பாதியில தொங்குது."

"இரு" என்றார் மாமா. கீழே தன் பாதங்களைப் பார்த்தார். ஈர மரம். "ஏற்றம் என்பது... ரொம்ப வழுக்குது" என்றார்.

அதற்கு வந்த சிரிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. குழாய்க்காரர்கள் தொடையில் தட்டினார்கள். இறைகூடைக்காரர் தன் காகிதங்களால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மாமா சிரிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை, கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்முனைக்குப் போய்ச் சேர்வதிலேயே இருந்தார். வாளி விளிம்புக்கு வந்தது. அத்தை அதைச் சாய்த்தாள். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடியது. யாரும் சொல்லாமலே கைதட்டினார்கள்.

"நிறைஞ்சிருந்துச்சா?" என்றார் மாமா.

"முக்கால். அவசரப்பட்டுத் திரும்பிட்டீங்க. வாளி முங்க வேண்டாமா?"

"நீ முங்குச்சுன்னு சொன்னாத்தானே."

"நான் போதும்னுதான் சொன்னேன். போங்கன்னு அப்புறம்தான் சொன்னேன்."

காலர் மைக் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை. பொறியாளர் அம்மா நிறுத்தப் போகிறவர்போல ஓர் அடி எடுத்து வைத்தார், பிறகு தூணின் அச்சில் காதை வைத்துக் கேட்டார், அது நன்றாகச் சுற்றுவதில் சமாதானமாகி அங்கேயே நின்றுவிட்டார். மாமா மறுபடி கிணற்றை நோக்கி நடந்தார். "மெதுவா. பான்ட் கிழிஞ்சா நான் தைக்க மாட்டேன்." "கிழியல." "கிழியப் போகுது, சத்தம் கேக்குது." "அது மரம்." இரண்டாவது வாளி நிறைய வந்தது. மூன்றாவதற்கு மாமா இடது காலை எப்படி வைத்தால் வழுக்கவில்லை என்று கண்டுபிடித்து அதை எங்கள் அனைவருக்கும் அறிவித்தார். இந்த மரம் ஒரு ஆளுக்குத் தனியாக வேலை செய்யாது என்பதையும், கீழே நிற்பவர் மேலே நிற்பவரைத் திட்டிக்கொண்டே இருப்பது இதன் ஒரு பாகமா இல்லையா என்று மேடம்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார். பிறகு பேச்சு தானாகக் குறைந்தது. பேசினால் அடி தப்பியது. ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சும், மரத்தின் முனகலும், நடுநடுவே அத்தையின் "ம்" என்ற குரலும் மட்டும் வந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

வாய்க்காலின் மறுமுனையைத் தொட்டியோடு இணைக்க மறந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் செங்கல் தரையில் பரவி நாற்காலிகளை நோக்கி வந்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரி முதலில் கால்களைத் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் தூக்கினார்கள். அது இரண்டாவது வரிசைக்கும் போனது, மூன்றாவதற்கும். இறைகூடைக்காரர் தன் ஷூக்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து தன் முறை என்பதையே மறந்தவராகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வரிசைக்கும் வந்தது. குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் பாசி வாசனை. நாங்கள் எல்லோரும் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இன்னொண்ணு" என்றாள் அத்தை. மாமா திரும்பிக் கிணற்றை நோக்கி நடந்தார்.